சமய பாடத்துக்கு மணி அடித்ததும் வெளியே போகும் பிள்ளை

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் ஆரம்பக் கல்விக்கும் சமய பாடங்களுக்கும் பொறுப்பானவர்களுக்கும், வடக்கு மாகாணக் கல்வி அமைச்சினருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் 35 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து 2020 இல் ஓய்வுபெற்ற ஆசிரியை. சமய பாடவேளையில் எண்ணிக்கையில் குறைந்த பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே இருப்பதைப் பற்றியும், மாதத்தில் இரண்டு வேளையாவது வகுப்பு ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டும் இதை எழுதுகிறேன். நகரத்துக்குள்ளும் கரையோரத்திலும் தீவுப்பகுதியிலுமாக ஐந்து பாடசாலைகளில் இருந்திருக்கிறேன். எந்தப் பாடசாலையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஓரிடத்தைக் குற்றம் சொல்லி முடித்துவிடக்கூடிய சங்கதியா இது? அதோடு, கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் நானே விட்டவை.

சமய பாடவேளை எப்படித் தொடங்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மணி அடிக்கும். "சைவநெறிப் புத்தகத்தை எடுங்கோ" என்பேன். 34 பிள்ளைகளில் 33 பேர் எடுப்பார்கள். ஒருத்தி எழும்பி, கத்தோலிக்கத் திருமறைப் புத்தகத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போவாள். போ என்று யாரும் சொல்வதில்லை. தரம் ஒன்றிலேயே அவளுக்குப் பழகிவிட்டது. அங்கே கிடக்கும் ஒற்றை வாங்கில் இருந்து படத்துக்கு நிறம் தீட்டுவாள். தீட்டி முடிந்தால் காகம் பார்ப்பாள். புத்தகத்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. அதைப் படிப்பிக்க ஆள்தான் வருவதில்லை. ஒரு பிள்ளைக்காக ஓர் ஆசிரியரை எந்தக் கல்வி வலயம் அனுப்பும்?

இதே காட்சியைக் கரையோரத்தில் மறுபக்கமாகப் பார்த்திருக்கிறேன். அங்கே வகுப்பு முழுக்கக் கத்தோலிக்கப் பிள்ளைகள். சைவநெறிப் புத்தகத்தோடு விறாந்தையில் இருப்பவன், வேலை மாற்றத்தில் வந்த ஒரு உத்தியோகத்தரின் மகன். ஆக, எந்தச் சமயத்தார் எந்தச் சமயத்தாருக்குச் செய்த அநியாயம் என்று இதைப் பார்க்கத் தேவையில்லை. நேரசூசி அப்படி. எண்ணிக்கையில் குறைந்தவர் எவரோ அவர் வெளியே.

நான் சொன்ன அந்தப் பிள்ளை ஒரு தவணைப் பரீட்சையில் சைவநெறியில் 84 புள்ளி எடுத்தாள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடந்தது. திருமறைக்கு வினாத்தாள் வந்து சேரவில்லை. சும்மா இருக்கிறாளே என்று ஒரு சைவநெறித் தாளைக் கொடுத்து, "தெரிந்ததை எழுது" என்றேன். பிள்ளையாருக்கு மாம்பழம் கிடைத்த கதை முதல் திருநீறு பூசும் முறை வரை ஒழுங்காக எழுதியிருந்தாள். மூன்று தவணையாக விறாந்தை யன்னலுக்குள்ளால் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நானும் புள்ளியைத் தேர்ச்சி அறிக்கையில் போட்டுவிட்டேன். அடுத்த நாள் தாய் வந்தார். கோபம் ஒன்றும் இல்லை, முகத்தில் ஒரு சங்கடம் மட்டும். "ரீச்சர், இவள் முதல்நன்மைக்கு ஆயத்தமாகிறாள். றிப்போட்டில சைவநெறி எண்டு கிடக்கு. பாதர் பாத்தால் நான் என்ன சொல்லுறது?" நான் சிரித்துச் சமாளித்து அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அந்த 84 க்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு. அந்தப் பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

இந்த நாட்டில் சமயம் கட்டாய பாடம். தரம் 1 இல் தொடங்கி க.பொ.த. சாதாரண தரம் வரை விடாமல் வருகிறது. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புத்தகம். ஒரு பிள்ளை தன் வீட்டுச் சமயத்தைத் தன் மொழியில் பாடசாலையிலேயே படிக்கலாம் என்பது சின்ன உரிமையில்லை. அதைக் கைவிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. தேவாரம் பாடக் கற்றுக்கொடுத்தவள் நான். வாய் நிறையப் பாடும் ஏழு வயதுப் பிள்ளைகளைக் கேட்ட எவரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எனக்குள்ள முறைப்பாடு இதுதான்: ஐந்து புத்தகமும் ஐந்து அறைகள். ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குக் கதவு வைக்க நாங்கள் மறந்துபோனோம். 11 வருடம் சமயம் படித்து முடித்த ஒரு யாழ்ப்பாணப் பிள்ளைக்கு, பக்கத்து வாங்கில் இருந்தவனுடைய சமயத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் வெளியே வர முடிகிறது.

"ஏன், வாணிவிழாவும் ஒளிவிழாவும் வைக்கிறோமே" என்பீர்கள். வைக்கிறோம்தான், நவராத்திரிக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று. வாணிவிழாவில் எல்லாப் பிள்ளைகளும் அவலும் கடலையும் சாப்பிடுகிறார்கள். ஒளிவிழாவில் எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். நல்லது. ஆனால் ஒருமுறை மூன்று ஞானிகளில் ஒருவராக நடித்த சைவப் பெடியன், தன் கையிலிருந்த பெட்டிக்குள் கற்பூரம் இருப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். (பெரிய பிழையென்றும் சொல்ல முடியாது. கதைப்படி தூபம்தானே.) யாருக்கு, எதற்கு அதைக் கொண்டுபோகிறான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நடிப்பைப் பழக்கிய நானும் சொல்லவில்லை. அது என் பாடமில்லை என்று நினைத்தேன்.

சரி, ஒருநாள் தற்செயலாக நடந்ததைச் சொல்கிறேன். இந்த மடலே அதனால்தான்.

ஐப்பசி மாதம். கந்தசஷ்டி வரப்போகிறது. தரம் 4. வெளியே அடைமழை, விறாந்தை முழுக்கத் தூவானம். அந்த வகுப்பில் இருந்த இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகளையும் "பரவாயில்லை, உள்ளேயே இருங்கோ" என்றேன். பாடம் தொடங்க, "சைவர்கள் என்றால் ஆர்?" என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ள விடையை எதிர்பார்த்தேன். முன்வரிசையில் ஒருவன் எழும்பி, "வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத ஆக்கள், ரீச்சர்" என்றான். எங்கள் ஊரில் சைவக்கடை என்றால் மரக்கறிச் சாப்பாட்டுக் கடை. அவன் சொன்னதில் என்ன பிழை?

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப நாங்களும் சைவமோ? தபசு காலத்தில வெள்ளிக்கிழமை நாங்களும் மச்சம் சாப்பிடுறேல்லை." வகுப்பு சிரித்தது. எனக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கமாக என்றால் "சரி, சரி, பாடத்தைப் பாருங்கோ" என்று அடக்கியிருப்பேன். அன்றைக்கு மழையோ என்னவோ, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்கட வீட்டில அதை என்னெண்டு சொல்லுவினம்?" என்று கேட்டேன். மற்றக் கத்தோலிக்கப் பிள்ளை சொன்னாள்: "அம்மம்மா ஒருசந்தி எண்டு சொல்லுவா." ஒருசந்தி! என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புதிது. ஒருநேரம் மட்டும் சாப்பிடுவது என்று அவள் விளக்கினாள். "எங்கட அம்மம்மாவும் ஒருநேரம்தான் சாப்பிடுறவ, ஆனா அது விரதம்" என்றது இன்னொன்று.

கரும்பலகையில் கோடு கீறினேன். ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்கள்? "முருகனுக்காக." "அண்ணா சோதினை பாஸ் பண்ண அம்மா வைச்ச நேர்த்தி." "இயேசு 40 நாள் பாலைவனத்தில சாப்பிடாமல் இருந்தவர், அதுக்காக." கடைவீதியில் வீடு உள்ள ஒரு பெடியன், முஸ்லிம்கள் நோன்பு நாளில் தண்ணீரும் குடிப்பதில்லை என்று சொன்னபோது வகுப்பு "ஆ" என்று வாய் பிளந்தது. எச்சிலை விழுங்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். பௌத்தர்களைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிக்குமார் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை, போயா என்னும் பூரணை நாளில் சில் எடுக்கும், அதாவது நோன்பு அனுட்டிக்கும், சாதாரண சனங்களும் அப்படித்தான் என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். பத்து வருடத்துக்கு மேல் படிப்பித்திருந்த ஆசிரியை நான். அது எனக்கே தெரியாமல் இருந்தது.

கடைசியில் ஒருவன் கை தூக்கினான். "எங்கட அப்பா ஒண்டுக்கும் இருக்கிறேல்லை ரீச்சர். பசிச்சவன் சாப்பிட வேணும், இல்லாதவனுக்குக் குடுக்க வேணும், அதுக்கு மேல ஒண்டுமில்லை எண்டு சொல்லுவார்." கரும்பலகையில் அவன் அப்பாவுக்கும் ஒரு நிரல் போட்டேன்.

பாடவேளை முடிய மணி அடித்தபோது யாரும் எழும்பவில்லை. அடுத்த கிழமை மழை விட்டுவிட்டது. இரண்டு பிள்ளைகளும் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார்கள். நானும் பேசாமல் சைவநெறிப் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்த மழைநாள் பாடத்தை நேரசூசிக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. தரம் 1 இலிருந்து 5 வரை, மாதத்தில் இரண்டு சமய பாடவேளைகளில் வகுப்பு பிரியாமல் ஒன்றாக இருக்கட்டும். மற்ற வேளைகளில் அவரவர் சமயம் அவரவருக்கு, இப்போது உள்ளபடியே. பொதுவேளையில் கடவுள் யார், முத்தி என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளையோடு வாதாடத் தேவையில்லை. விரதம், விளக்கு, தண்ணீர், பிள்ளை பிறந்த வீட்டில் என்ன செய்கிறார்கள், செத்த வீட்டில் என்ன செய்கிறார்கள், பெயர் எப்படி வைக்கிறார்கள், கோயிலுக்குள் செருப்பை ஏன் கழற்றுகிறார்கள், பள்ளிவாசலுக்குள் ஏன் கால் கழுவிப் போகிறார்கள் என்று பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற சங்கதிகள் போதும். செத்த வீட்டை ஏன் சேர்த்தேன் என்று யோசிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளும் செத்த வீடு கண்டவர்கள்தான். அந்தக் கேள்விகள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

இதற்கு யாழ்ப்பாணத்தில் எழும்பப்போகும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். என் வீட்டு மேசையிலேயே எழும்பியவைதான்.

முதலாவது, ஆறுமுக நாவலர் பெருமான். மிஷன் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்குப் பைபிள் படிப்பித்த காலத்தை எதிர்த்துத்தானே அவர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், நீ திரும்ப அந்தக் காலத்துக்கே கூட்டிப்போகிறாயா என்று என் தமையனார் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1816 இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் கால் வைத்ததிலிருந்து அந்தச் சரித்திரம் எங்களுக்கு நினைவிருக்கிறது. பிள்ளையின் படிப்புப் பசியைச் சமயம் மாற்றும் தூண்டிலாக ஆக்கிய இடங்கள் இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். மற்றவருடைய நூலை வரி வரியாக அறிந்த பிறகும் அவருடைய சைவம் ஒரு இம்மியும் கரையவில்லை. கரையாதது மட்டுமா, பால பாடமும் சைவ வினாவிடையும் எழுதும் அளவுக்கு அது கூர்மையானது. கிணறு ஆழமென்றால் அயலவன் ஒரு வாளி அள்ளிக் குடித்து வற்றிவிடாது.

இரண்டாவது ஆட்சேபம் கொழும்பைப் பற்றியது. இதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற நாட்டில், "எல்லாச் சமயமும் சேர்ந்த பாடம்" என்று ஒன்று மகரகமவிலிருந்து வந்தால் அதில் பாதிப் பக்கம் என்னவாக இருக்கும் என்று எங்கள் சனங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கே தையிட்டியில், படையினர் பிடித்திருந்த தங்கள் காணிக்குள் எழும்பிய விகாரையை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒருவரிடம் போய், உங்கள் பிள்ளை புத்தரைப் பற்றிப் படிக்கட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் கூசும். காணி வேறு, புத்தர் வேறு என்று சொல்லிவிடுவது லேசு. பிள்ளைக்கு அது ஒன்றாகத்தான் தெரியும். அதனாலேயே புத்தர் யார், என்ன சொன்னார் என்பதைப் படையினருடைய விளம்பரப் பலகையிலிருந்து அறியாமல் தமிழ் ஆசிரியர் வாயால் அறிய வேண்டும் என்கிறேன். மணிமேகலை எங்கள் காப்பியம். நயினாதீவைத்தான் அதில் வரும் மணிபல்லவம் என்று பலர் கொள்வர். ஆண்டுதோறும் பிள்ளைகளைக் குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றி நாகபூசணி அம்மனிடம் கூட்டிப்போவோம். நாகவிகாரை வாசலில் மட்டும் "கெதியா நடவுங்கோ" என்போம். ஒரு பிள்ளை "உள்ள ஆர் இருக்கினம்?" என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில், "வள்ளத்துக்கு நேரமாச்சு."

அந்தக் காப்பியத்திலேயே சமயக்கணக்கர் தம்திறம் கேட்ட காதை என்று ஒன்று இருக்கிறது. வஞ்சி நகரத்தில் மணிமேகலை சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் "உன் கொள்கை என்ன" என்று கேட்கிறாள். மறுபிறப்பும் இல்லை, ஒன்றும் இல்லை என்னும் பூதவாதியையும் கேட்கிறாள். அவளுடைய முடிவு பௌத்தம்தான், சாத்தனார் பக்கச்சார்பு இல்லாதவரும் இல்லை. ஆனாலும் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு இல்லை என்பதற்கு அந்த ஒரு காதை போதும்.

வெளிநாடு என்றதும் ஒன்று. ஒஸ்லோவில் இருக்கும் என் அக்காவின் பேத்தி போன வருடம் வட்ஸ்அப்பில் கேட்டாள்: "சின்னம்மம்மா, பிள்ளையாருக்கு ஏன் யானைத் தலை எண்டு ரீச்சர் கேட்டவ, நான்தான் வகுப்புக்குச் சொன்னனான். உங்கட வகுப்பில மற்றப் பிள்ளையள் தங்கட கதை சொல்லுவினமோ?" மற்றப் பிள்ளைகள் விறாந்தையில் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? நோர்வேயில் கிறிஸ்தவம், சமயம், வாழ்க்கை நோக்கு, அறநெறி எல்லாம் சேர்ந்து ஒரே பாடம். ஆனால் நோர்வேயைப் பார்த்துக் கொப்பி அடிக்கச் சொல்லவும் மாட்டேன். அவர்கள் 1997 இல் பொதுப் பாடத்தைக் கொண்டுவந்தபோது பெரும்பான்மைச் சமயமான கிறிஸ்தவத்துக்குத் தராசைச் சாய்த்தார்கள். பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையையும் சுருக்கினார்கள். சமயம் சாராத பெற்றோர் வழக்குப் போட்டு, 2007 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 9 க்கு 8 என்ற கணக்கில் நோர்வேக்கு எதிராகத் தீர்த்தது. பாடத்தின் பெயரும் பிறகு இரண்டு தடவை மாறிவிட்டது. இன்றும் அதில் ஏறத்தாழ அரைவாசி நேரம் கிறிஸ்தவத்துக்குத்தான். பொதுப்பாடம் என்று பெயர் வைத்துப் பெரும்பான்மையின் பாடத்தை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அது கொழும்புக்கும் பொருந்தும், யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும். இங்கே நாங்கள்தானே பெரும்பான்மை.

இங்கிலாந்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதை மட்டும் இரவல் வாங்கலாம். அங்கே சமய பாடத்திட்டத்தை ஒவ்வொரு பிரதேசமும் தானே வகுக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை ஒரு குழு, மற்றச் சமயத்தவர்களும் சபைகளும் ஒரு குழு, ஆசிரியர்கள் ஒரு குழு, பிரதேச சபை ஒரு குழு. நான்கும் ஒத்துக்கொண்டால்தான் திட்டம் நிறைவேறும். ஒன்று மறுத்தாலும் முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும். விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்கு இதே மாதிரி ஒரு மேசை போடுங்கள். ஒரு குருக்கள், ஒரு பாதர், தென்னிந்தியத் திருச்சபை போதகர் ஒருவர், ஒரு மௌலவி, தமிழ் தெரிந்த ஒரு பிக்கு, கோயிலுக்கே போகாத ஒருவர், அவர்களோடு ஆரம்பப் பிரிவில் வெண்கட்டி பிடித்த இரண்டு மூன்று ஆசிரியைகள். தன் சமயத்தைப் பற்றிய பக்கத்தைத் தானே எழுதலாம், மற்றவனுடைய பக்கத்தைத் தான் எழுதக்கூடாது என்பது ஒரே விதி. அந்த மேசையில் சாதி பார்க்காமல் ஆள் எடுக்க வேண்டும் என்பதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. மாவிட்டபுரத்தில் 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயில் வாசலில் மறித்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

கோயிலுக்கே போகாத ஒருவரை ஏன் சேர்த்தேன்? மழைநாளில் கை தூக்கிய பெடியனுடைய தகப்பன் பழைய இடதுசாரி. பிள்ளையைச் சேர்க்க வந்தபோது அனுமதிப் படிவத்தில் சமயம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். "எழுதாமல் விட ஏலாது" என்று அலுவலகத்தில் இருந்தவர் சைவம் என்று தானே நிரப்பிவிட்டார். தகப்பன் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை தரும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் அந்தப் படிவத்தின் அரை அங்குலக் கோட்டுக்குள் அடங்கவில்லை. இப்படியான குடும்பங்கள் குறைவு. ஆனால் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது கெட்டது தெரியும், அதற்கு ஒரு காரணமும் தெரியும். அதையும் வகுப்பு கேட்கட்டும். கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி "நாம் அறியோம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை மந்திரமாக எடுக்கிற ஊர்தானே இது.

இனி, எனக்கு எழுதக் கடினமான பகுதி.

1990 இல் நான் நகரத்தில் ஒரு பாடசாலையில் இருந்தேன். என் இடாப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகளின் பெயர் இருந்தது. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்த இரண்டு பெயர்களுக்கும் நேரே வரவில்லை என்று குறியிட்டுக்கொண்டே வந்தேன். பிறகு பெயரை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். எங்கே போய்விட்டார்கள் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். "ஊருக்குப் போயிட்டினம்" என்றேன். அவர்களுக்கு ஊர் இதுதான். பயம் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் இல்லாதிருந்தாலும் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு பாடம் இருந்ததில்லை. அவர்கள் என் பாடவேளையில் எப்போதும் வெளியே இருந்தவர்கள்தானே. ஒருநாள் முழுதாக வெளியே போனார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, புத்தளத்திலிருந்து திரும்பிய குடும்பமொன்றின் மகன் என் வகுப்புக்கு வந்தான். "நீ எந்த ஊர்?" என்று கேட்டார்கள். "இந்த ஊர்தான், வாப்பாட வீடு சோனகத் தெருவில" என்றான். "பொய்" என்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் குற்றம் இல்லை. சோனகத் தெருவில் யார் இருந்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு பொதுப் பாடவேளை 1990 ஐத் தடுத்திருக்கும் என்று பேய்க்கதை சொல்ல நான் வரவில்லை. அவன் சொன்னதைப் பொய் என்று சிரிக்காத ஒரு வகுப்பாவது அமைந்திருக்கும். பெரியவர்கள் நாங்கள் ஆபத்துக்கு ஒருவர் வாசலில் ஒருவர் ஒதுங்கியவர்கள். நவாலியில் 1995 ஜூலை 9 இல் குண்டு விழுந்தபோது தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் சனம் தஞ்சம் புகுந்திருந்தது. எந்தச் சமயம் எந்தக் கூரைக்குக் கீழே என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். இதைப் படிப்பிக்க எங்களுக்குப் பயிற்சி இல்லை. கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெறும்போதே இதைச் சேர்க்க வேண்டும். வாய்ப்பேச்சிலேயே பிழை வரும். "கிறிஸ்தவர்களும் எங்களைப் போலத்தான்" என்பது அன்பான பிழை. "அவர்கள் சிலையைக் கும்பிடுவதில்லை, பாவம்" என்பது அன்பில்லாத பிழை. பொதுவேளையில் பேச எங்கள் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. தொல்காப்பியர் ஒரு விதியைச் சொல்லிவிட்டு "என்ப" என்றோ "என்மனார் புலவர்" என்றோ முடிப்பார். அப்படி ஆசிரியரும் "இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வார்கள்", "ஆன்மா அநாதி என்று சைவர்கள் சொல்வார்கள்" என்று சொல்லட்டும். தன் சமய பாடத்தில் "என்று சொல்வார்கள்" தேவையில்லை. அங்கே அது வீட்டுப் பேச்சு. இந்த வித்தியாசத்தைப் பழக இரண்டு நாள் செயலமர்வு போதாது, ஆனால் அதிலிருந்து தொடங்கலாம்.

தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த மாதமே "எல்லாச் சமயமும் 40 மாதிரி வினாத்தாள்களில்" என்று ரியூசன் கொட்டிலில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். புலமைப்பரிசிலுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரமாவது புள்ளி இல்லாத ஒரு பாடம் இருக்கட்டும்.

பொதுவேளை வரக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம், அதற்கு நிதியோ சுற்றறிக்கையோ பெரிதாகத் தேவைப்படாது. ஒரு கல்விக் கோட்டத்துக்குள் விறாந்தையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பாடசாலையில், எந்தச் சமயம் என்று எண்ணுங்கள். இடாப்பில் எல்லாம் இருக்கிறது. நான்கு பாடசாலைக்கு ஒரு ஆசிரியர் என்று கிழமைக்கு ஒருநாள் சுற்றி வந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஒரு பெரியவர் கிடைப்பார். குறைந்தபட்சம் அவர்களுக்குரிய வினாத்தாள் நேரத்துக்கு வரட்டும்.

அந்த மழைநாள் பாடத்தை அன்றிரவே ஒரு குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்தேன். பிறகு தோன்றியபோதெல்லாம் அதில் இன்னும் 11 பாடங்கள் எழுதிச் சேர்த்தேன். படிப்பிக்கத் துணியவில்லை, எழுதி மட்டும் வைத்தேன். கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. விளக்கைப் பற்றிய பாடத்தில் பாதி போய்விட்டது, விரதப் பாடம் தப்பிவிட்டது. எச்சில் விழுங்கலாமா என்ற கேள்விக்கு ஒரு மௌலவியிடம் கேட்டு, விழுங்கலாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். மேசை போட்டால் சொல்லுங்கள், கொப்பியோடு வருகிறேன். வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் மத்தியானச் சாப்பாடு மரக்கறியாக இருக்கட்டும். மேசையில் இருக்கும் பலருக்கும் அது வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்